வாசலில் ஒரு செவலை

தருமபுரி மாவட்டம் ஏரியூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கொட்டாய்களிலும் வீட்டுக்கு ஒரு பெரியவரும் ஒரு நாயும் என்பது இப்போது சாதாரணக் காட்சி. பிள்ளைகள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வந்து இரண்டு நாள் வீட்டை நிறைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். மற்ற நாட்களில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பேச்சுத்துணை வாசலில் படுத்திருக்கும் நாய்தான். அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கும் என் மனைவிக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டில் இரண்டு: மணி, செவலை.

ஓய்வு பெற்றவர்களுக்கு முதலில் வரும் சங்கடம் நேரம். பள்ளி மணி அடித்து நடந்த வாழ்க்கையில் திடீரென்று மணியே இல்லை. எழுந்தாலும் ஒன்று, எழாவிட்டாலும் ஒன்று என்று ஆகிவிடுகிறது. அந்த நிலையில் நாய் செய்யும் உதவி பெரியது. மணிக்கு விடிவதற்கு முன்பே வெளியே போயாக வேண்டும். முன்னங்காலால் கதவைப் பிறாண்டுவான். எழுந்து கதவைத் திறந்தால் நடந்தாக வேண்டும், நடந்தால் பால் சொசைட்டி வரை போயாக வேண்டும். போகிற வழியில் நான்கு பேரைப் பார்க்க வேண்டியிருக்கும். "என்ன சார், உங்க ஆளு இன்னைக்கு நொண்டுறானே?" என்று எவராவது கேட்பார். முள்ளை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசிவிட்டு வருவேன். நாய் இல்லாமல் தனியாக நடந்தால் யாரும் நிறுத்திப் பேசுவதில்லை. கூட ஒரு நாய் வந்தால் பேச்சுக்கு ஒரு தொடக்கம் கிடைத்துவிடுகிறது. வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போன என் பழைய சகாக்கள் சிலரைப் பார்க்கும்போது இது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று எனக்குத் தோன்றும்.

மணி நான் பணியில் இருந்தபோதே குட்டியாக வந்தவன். இப்போது அவன் கண்ணில் பால்போல் படலம் விழுந்துவிட்டது. பழகிய இடத்தில் மோப்பத்தை வைத்தே தடுமாறாமல் நடப்பான். கட்டிலை இடம் மாற்றிப் போட்டால் மட்டும் மோதிக்கொள்வான். அதனால் வீட்டில் எந்தப் பொருளையும் நாங்கள் இடம் மாற்றுவதில்லை.

செவலை வந்த கதை வேறு. பக்கத்துத் தெருவில் தனியாக இருந்த ஒரு பாட்டியின் நாய் அது. பாட்டி இறந்து, காரியம் முடிந்ததும் மகன்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெங்களூரில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருப்பவர்கள் நாயை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? செவலை பூட்டிய கதவின் படியிலேயே படுத்துக் கிடந்தது. தெருவில் யாராவது சோறு வைத்தால் தின்னும், மறுபடி படியிலேயே போய்ப் படுக்கும். என் மனைவி தினமும் களியைக் கரைத்துக் கொண்டுபோய் ஊற்றிவந்தாள். மழை பிடித்த ஒரு நாளில் அது அவள் பின்னாலேயே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. அதன் பிறகும் கொஞ்ச காலம், சாயங்காலமானால் அந்தப் பூட்டிய வீட்டுக்குப் போய் முகர்ந்துவிட்டுத் திரும்பும். அதைப் பார்த்த பிறகுதான் நாய் வளர்ப்பதைப் பற்றி நான் வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கினேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சந்தோஷங்களைச் சொன்னால் பட்டியல் நீளும். எனக்குப் பிடித்த ஒன்று நாகமரைப் பயணம். ஏரியூரிலிருந்து நாகமரைக்குப் போனால் மேட்டூர் அணையின் தேக்கநீர் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. அதில் முழுகிய பழைய ஊர்களின் நினைவு இந்தப் பக்கத்து மக்களிடம் இன்னும் இருக்கிறது. தண்ணீர் வற்றும் கோடையில் எதிர்க்கரைப் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரியும். செவலையை டிவிஎஸ் வண்டியின் முன்பக்கத்தில், காலடியில் உட்காரவைத்துக் கூட்டிப்போவேன். கரையில் மீன்காரர்களின் நாய்கள் வலை காயும் இடத்தில் படுத்திருக்கும். செவலை தூரத்தில் நின்று, வாலைத் தாழ்த்தி, அவை சம்மதித்த பிறகே கிட்டே போகும். ஊருக்குப் புதிதாய் மாற்றலாகி வந்த ஆசிரியர் முதல் நாள் பணியாளர் அறைக்குள் நுழைவதைப் போல இருக்கும். எதிர்க்கரைக்குப் போகும் படகு நிறைந்து கிளம்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்துக்கு எந்தப் பயனும் இல்லை என்றாலும் வாரத்தில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

தொல்லைகளும் உண்டு. முதலாவது உண்ணி. நாயின் மேல் இருப்பதைப் பிடுங்கினால் தீர்ந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் இடுக்கிலும் கட்டில் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து போடும் அன்றே படுக்கும் இடத்தையும் சுவரடியையும் சுத்தம் செய்யாவிட்டால் அடுத்த மாதம் பழைய கதைதான். உண்ணியால் வரும் காய்ச்சலில் ஈறு வெளிறி நாய் ஒடுங்கிப் போய்விடும். நாங்கள் வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கிறோம்.

இரண்டாவது தீபாவளி. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காதோ 45,000 வரை கேட்கும் என்பார்கள். பட்டாசு அதற்கு எப்படி இருக்கும் என்று நம்மால் ஊகிக்கவும் முடியாது. அன்று மணி கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டே இருப்பான். பண்டிகை நாளில் உறவினர் வீட்டுக்கு நாங்கள் போவதில்லை. கதவைச் சாத்தி, மின்விசிறியையும் டிவியையும் சத்தமாக வைத்துவிட்டு, இருவரில் ஒருவர் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவோம்.

வெளியூர்ப் பயணம் மூன்றாவது. மகள் கூப்பிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து போக முடிவதில்லை. கல்யாணத்துக்கு ஒருவர் போனால் ஒருவர் வீட்டில். "நாய்க்காகவா வராம இருக்கீங்க?" என்று சம்பந்தி வீட்டில் கேட்கும்போது என் மனைவிக்கு முகம் வாடும். ஆனாலும் பதில் சொல்வாள்: "நாய்க்காகத்தாங்க." அந்தப் பதிலில் எனக்குப் பெருமை உண்டு.

என் மகன் ஒருமுறை பெங்களூரிலிருந்து ஹஸ்கி குட்டி வாங்கிவருகிறேன் என்றான். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். சைபீரியப் பனியில் வண்டி இழுத்த இனம் அது. உடலெங்கும் வியர்க்கும் வசதி நாய்க்குக் கிடையாது, மூச்சு இரைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்க வேண்டும். தருமபுரிச் சித்திரை வெயிலில் அத்தனை ரோமத்தோடு அது படும் பாட்டைப் பார்க்க என்னால் முடியாது. நம் பக்கத்திலேயே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பேர்பெற்ற இனங்கள் இருக்கின்றன. 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. அவற்றைக்கூட ஓடியாட இடமும் வயதும் உள்ளவர்கள் வளர்ப்பதே நல்லது. எங்களைப் போன்றவர்களுக்குத் தெருவில் பிறந்த நாட்டுநாய் போதும். கேழ்வரகுக் களியும் மோரும் கொஞ்சம் கருவாட்டுத் தலையும் கிடைத்தால் திருப்தியாக இருக்கும், வெயிலில் கிணற்றடி ஈரமண்ணைத் தோண்டிப் படுத்துக்கொள்ளும்.

இந்த மண்ணில் நாய்க்கு மரியாதை செய்த வரலாறும் உண்டு. அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த ஒரு வீரனின் உருவம் அதில் இருக்கிறது. பக்கத்தில் அவன் நாயும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டுச் சொல்கிறது. எத்தனையோ குறுநில மன்னர்களின் பெயர் அழிந்துபோன நாட்டில் ஒரு மாட்டுக்காவல் நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கிறது. வகுப்பில் நடுகல் பாடம் எடுக்கும்போதெல்லாம் கோவிவனைச் சொல்லாமல் விட்டதில்லை. பின்பெஞ்சுப் பையனும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவான்.

தருமபுரிக்கு அருகே அதியமான்கோட்டையில் காலபைரவர் கோயில் இருக்கிறது. தேய்பிறை அஷ்டமியில் பல ஊர்க் கூட்டம் அங்கே கூடி, சாம்பல் பூசணியில் விளக்கேற்றும். பைரவரின் வாகனம் நாய். அந்த பக்தி வீடு திரும்பிய பிறகும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால் இங்கே ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் சாக்கில் கட்டிக் குட்டிகளைக் கொண்டுவந்து போடுகிறார்கள். பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள். புரட்டாசி, ஐப்பசியில் நாய்கள் கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். மார்கழியில் தெருவெங்கும் குட்டிகள் கத்தும். இந்தத் துயரத்துக்கு ஒரே மருந்து கருத்தடை. செவலைக்கு நாங்கள் செய்துவிட்டோம். "பாவம், ஒரு ஈத்தாவது போடட்டுமே" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அந்த ஒரு ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு வீடு தேடித் தர அவர்களில் யாரும் முன்வரவில்லை.

தடுப்பூசி விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. வெறிநாய்க்கடி நோயால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அபூர்வம். 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வருவதற்கு முன், கடிபட்ட தென்னிந்தியர் சிகிச்சைக்காக இமயமலைச் சாரலில் உள்ள கசௌலி வரை ரயிலேற வேண்டியிருந்தது. இன்று நம் அரசு மருத்துவமனைகளிலேயே ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தப் பழைய 14 ஊசி கைவிடப்பட்டு இருபது ஆண்டு ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பயம் பிள்ளைகளிடம் இன்னும் இருக்கிறது. ஊசிக்குப் பயந்து கடியை மறைத்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோர் திட்டாமல் கேட்டால்தான் அவர்கள் சொல்வார்கள். கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வேண்டவே வேண்டாம்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் தெருநாய் வழக்கு நடந்தபோது டீக்கடையில் தினமும் அதே பேச்சு. எல்லா நாயையும் பிடித்து அடைத்துவிட வேண்டும் என்று ஒரு கட்சி, ஒன்றையும் தொடக்கூடாது என்று ஒரு கட்சி. கருத்தடையும் தடுப்பூசியும் முறையாக நடந்திருந்தால் இந்தச் சண்டைக்கே இடமிருந்திருக்காது என்பது என் கருத்து. வெறிநோய்த் தடுப்பூசியைக் கண்டறிந்த பாஸ்டரின் நினைவுநாளான செப்டம்பர் 28-ஐ உலக வெறிநோய் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு தடுப்பூசி முகாம் நடந்தால் போதும். ஓய்வுபெற்ற நாங்கள் நாய்களைப் பிடித்து வந்து நிறுத்தத் தயாராக இருக்கிறோம்.

இனி, செவலை எனக்குக் கற்றுத்தந்ததற்கு வருகிறேன். நாட்டுநாய் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு இருக்கும். அறுபதில் குட்டி எடுத்தால் எழுபதைத் தாண்டியும் அதோடு நடக்கும் தெம்பு வேண்டும். எழுபதில் எடுத்தால், நமக்குப் பிறகு அதற்கு யார் என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். ஆகவே வயதானவர்கள் குட்டி தேட வேண்டாம், வளர்ந்த நாயை எடுங்கள் என்பேன். அது செருப்பைக் கடிக்காது, ராத்திரியெல்லாம் அழாது, நம்மோடு சேர்ந்து மெதுவாக நடக்கும். வளர்ந்த நாய் ஒட்டாது என்பது வீண் பேச்சு. நான்கு வயதில் வந்த செவலை இன்று என் மனைவி அடுப்படியில் இருமினாலும் வாசலிலிருந்து எழுந்து வந்து பார்க்கிறது.

எங்களுக்குப் பிறகு செவலையைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டுத் தம்பியிடம் பேசியிருக்கிறேன். நிலக்கடலைக் காட்டில் பன்றிக் காவலுக்கு அவனுக்கும் ஒரு நாய் வேண்டும். இப்போதிலிருந்தே வாரத்தில் ஒருநாள் அவன் கையால் அதற்குச் சோறு வைக்கிறான். தீவனத்துக்கும் ஊசிக்கும் ஆகும் பணத்தைத் தபால் நிலையக் கணக்கில் ஒதுக்கி, பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். மகன் முதலில் "ஏம்ப்பா இப்படியெல்லாம் பேசுறீங்க" என்று வருத்தப்பட்டான், பிறகு கணக்கு எண்ணை எழுதிக்கொண்டான். வீட்டில் நாயுள்ள பெரியவர்கள் இந்தப் பொங்கலுக்குப் பிள்ளைகள் வரும்போது தள்ளிப்போடாமல் இந்தப் பேச்சைப் பேசிவிடுங்கள்.