பாக்கெட் புக்கும் செக்ரோலும்

மெயில் சர்வரைப் பற்றி எழுத ஒரு பேங்க் ஆசாமிக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் படித்தது வெறும் பி.காம்.தான். ஆனால் டேட்டாபேஸை எங்கே வைப்பது, லாக் ஃபைலை எங்கே வைப்பது என்ற பாடத்தை எட்டு வயதில் போனக்காட்டில் படித்துவிட்டேன் :)

போனக்காடு தெரியாதவர்களுக்கு: திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் போகவேண்டும். அகஸ்தியர்கூடம் ஏறுகிறவர்கள் அங்கிருந்துதான் நடையைக் கட்டுவார்கள். இப்போது பேய் பங்களா பார்க்க வருகிற கூட்டம்தான் அதிகம். எங்களுக்கு அது தேயிலைத் தோட்டம், லயம், அட்டைக்கடி, மழை. அப்பா அங்கே கணக்குப்பிள்ளை. அம்மா கொழுந்து எடுப்பாள்.

மலையில் கொழுந்தை எடை போடும்போது அப்பா ஒரு சின்ன பாக்கெட் புக்கில் பேரையும் கிலோவையும் மளமளவென்று எழுதுவார். வரிசை கிடையாது, யார் முதலில் கூடையை இறக்கினார்களோ அவர் பேர் முதலில். சாயங்காலம் அதைப் பார்த்து செக்ரோலில் ஆளுக்கொரு வரியில் ஏற்றுவார். மாதச் சம்பளம் செக்ரோலை வைத்துத்தான்.

1989 ஆடி மாதம். கூட்டல் முடியவில்லை என்று செக்ரோலை வீட்டுக்கு எடுத்து வந்தார் (கொண்டுவரக்கூடாது, அது அவர் தப்பு). மறுநாள் காலை பிரட்டுக்குக் கிளம்பும்போது இரண்டு புத்தகத்தையும் பையில் திணித்தார். அம்மா பார்த்துவிட்டு, "என்னத்துக்கு ரெண்டையும் ஒரே பையில போடுதிய? அதுல எங்க கிலோவுல்லா இருக்கு" என்று பாக்கெட் புக்கை எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். எழுத வேறு புக் கொண்டு போங்க என்றாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே போனார். ஓடையைத் தாண்டும்போது வழுக்கிவிட்டது. பை போயே போய்விட்டது. செக்ரோல் கிடைத்தபோது மை கரைந்து ஒரு பக்கம் தேறவில்லை.

அறுபது எழுபது பேருடைய இருபத்துமூன்று நாள் கிலோ. போன மாதம் வரைக்கும் சம்பளப் பட்டியல் போயாகிவிட்டது, கவலையில்லை. இந்த மாதத்தை பிஸ்கட் டின்னிலிருந்து மூன்று ராத்திரி, மண்ணெண்ணெய் விளக்கில், முதல் தேதியிலிருந்து வரிவரியாகத் திருப்பி எழுதினார். நான் பேர் வாசித்தேன். ஒருத்தருக்கும் ஒரு கிலோ குறையவில்லை.

சரி, சர்வருக்கு வருவோம். 2007. வளைகுடாவில் ஒரு வங்கியில் (பேர் வேண்டாமே) ஆபரேஷன்ஸில் இருந்தேன். மெயிலுக்கு எக்ஸ்சேஞ்ச் 2003. ஒரு புதன்கிழமை டிஸ்க் செத்துவிட்டது. சனிக்கிழமை ராத்திரி எடுத்த டேப் பேக்கப் இருந்தது. ஞாயிறிலிருந்து புதன் வரை வந்த மெயில்? ஐ.டி. பையன், மலையாளி, பாவம், "சேட்டா, லாக் ஃபைலும் அதே டிஸ்க்கில்தான்" என்றான்.

எக்ஸ்சேஞ்ச் எப்படி வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எந்த மாற்றமும் முதலில் லாக் ஃபைலில் எழுதப்படும், வந்த வரிசையிலேயே. அந்தப் பதிப்பில் ஒரு லாக் 5 எம்.பி., நிரம்பினால் அடுத்தது. டேட்டாபேஸில் ஏறுவது அப்புறம் சாவகாசமாக. பழைய பேக்கப்பும் அதன் பிறகு வந்த லாக்குகளும் கையில் இருந்தால் கடைசி நிமிடம் வரை மீட்டுவிடலாம். நாளேடு, பேரேடு! காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதனால்தான் அந்தக் காலத்தில் லாக்குக்குத் தனி டிஸ்க் (ரெய்டு 1 ஜோடியாக இருந்தால் உத்தமம்), டேட்டாபேஸுக்குத் தனி டிஸ்க் என்று வைத்தார்கள். தனி டிரைவ் எழுத்து கொடுத்தால் போதாது, டிஸ்க்கே வேறாக இருக்கவேண்டும். வேகமும் ஒரு காரணம்: லாக் ஒரே சீராக எழுதிக்கொண்டு போகும், டேட்டாபேஸ் அங்கங்கே தாவும். முழு பேக்கப் எடுத்தால் பழைய லாக்குகள் தானாகக் கழியும். எடுக்காமல் விட்டால் டிஸ்க் நிரம்பி மெயிலே நின்றுபோகும். இதற்குச் சோம்பேறித்தனமாக 'சர்குலர் லாகிங்' போட்டுவிடுவார்கள். பழைய லாக் அழிந்துபோகும், மீட்க ஒன்றும் இருக்காது.

தொலைந்த மெயில்களில் ஒன்று, கேம்ப்பில் இருந்த ஒரு தூத்துக்குடிக்காரர் பணம் அனுப்பியதில் கணக்கு எண் திருத்தம். எங்களிடம் அது வந்ததற்கே சான்று இல்லை. பன்னிரண்டு நாள் பணம் அந்தரத்தில். "நான் அனுப்பினேன் சார், சத்தியமா அனுப்பினேன்" என்று கவுண்டரில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அம்மாவின் "எங்க கிலோ" காதில் கேட்டது.

எக்ஸ்சேஞ்ச் 2010-லிருந்து கதை கொஞ்சம் மாறிவிட்டது. ஒரே டேட்டாபேஸின் நகல்களை வேறு வேறு சர்வர்களில் வைத்துக்கொள்ளும் வசதி வந்ததால், போதிய நகல் இருந்தால் லாக்கும் டேட்டாபேஸும் ஒரே டிஸ்க்கில் இருக்கலாம் என்றார்கள். டின் வீட்டில் இல்லாமல் பக்கத்து லயத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ஒற்றை சர்வர் வைத்திருப்பவருக்குப் பழைய விதிதான்.

அப்பா போய்விட்டார். போன லீவில் மீதமிருந்த பாக்கெட் புக்குகளை ஸ்கேன் செய்ய எடுத்து வந்தேன். படம் ஒரு பிரதி என்னிடம், ஒரு பிரதி திருநெல்வேலியில் அக்காவிடம். அம்மாவுக்கு போனில் பெருமையாகச் சொன்னேன்.

"அதெல்லாம் சரிடே, என் டின்னை எப்ப கொண்டு வருவ?" என்றாள்.