மேரிக்குப் போய் வந்த காலம்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உள்ள பழைய அரசுக் கட்டடங்களில், எதற்காகக் கட்டினார்களோ அதே வேலையை இன்னும் செய்துகொண்டிருப்பவை மிகக் குறைவு. 1836இல் முதன்முதலாக ஏற்றிய கலங்கரை விளக்கம் 1979இல் ஓய்ந்தது. துறைமுக அலுவலகமாக இருந்த சின்னக் கட்டடத்தில் இப்போது கடலைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்கிறார்கள். வடகோடியில் சாராய வடிசாலை இருந்தது. அந்தப் பக்கம் காற்று திரும்பினால் தெருவெல்லாம் கழிவுப்பாகு வாடை அடிக்கும். வடிசாலை வில்லியனூர்ப் பக்கம் போய்விட்டது. அந்த மனை கலை, பண்பாட்டு மையத்துக்கென்று புதுக்கோலம் கொண்டது. தெற்கே, டூப்ளே சிலைக்கும் காந்தி சிலைக்கும் இடையில், மேரி.

மேரி என்பது நகராட்சி மன்றம். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரை எங்கள் ஊர் வாய் அப்படி ஆக்கிக்கொண்டது. 1870களிலிருந்து கடலைப் பார்த்து நின்ற கட்டடம் அது. அழகான கட்டடம் என்று பிற்பாடு எத்தனையோ பேர் எழுதினார்கள். சிறுவயதில் எங்களுக்கு அது அழகாகத் தோன்றியதாக நினைவில்லை. அது வேலை இருந்தால் போகிற இடம். பிள்ளை பிறந்தால் போக வேண்டும், வீட்டில் யாராவது இறந்தால் போக வேண்டும், பள்ளியில் சேர்க்க வயதுச் சான்று வேண்டுமென்றால் போக வேண்டும். எங்கள் தெருவில், "அம்மா எங்கே?" என்று கேட்டால், "மேரிக்குப் போயிருக்காங்க" என்பது சாதாரணமாகக் காதில் விழும் பதில். ரேஷன் கடைக்குப் போயிருப்பதைச் சொல்வது போலத்தான் சொல்வார்கள்.

என் அம்மா ஒரு சான்றுக்காக என்னையும் கூட்டிக்கொண்டு போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மீன் விற்றுவிட்டு வந்த அம்மா ஒருவர் காலிக் கூடையைத் தூண் ஓரம் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட சட்டையும் கையில் ஒரு தோல்பையுமாக வரிசையில் நின்றவர் சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். கூடைக்கார அம்மாவின் முறை முதலில் வந்தது. எழுத்தர், "வாங்கம்மா, எந்த வருஷம்?" என்று கேட்டுவிட்டு, நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டிய பருமனில் ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கறுத்துப் பழுப்பேறிய மை, சாய்ந்த பிரெஞ்சுக் கையெழுத்து. அதில் அந்த அம்மாவின் தகப்பனார் பெயர் இருந்தது.

அந்தப் பதிவேடுகளின் கனம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. 1881இல் வந்த ஒரு ஆணையின்படி, தங்கள் சாதி, சமய வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் கிடைத்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியா வசம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான மாற்றமும் முடிந்தது. அதன்பின் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் தந்தார்கள். ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆனது அப்படித்தான். யார் யாருக்குப் பிறந்தார், எந்த நாளில் எந்தப் பெயரில் பதிவானார் என்பதற்கு அந்தக் குடும்பங்கள் கையை நீட்டிக் காட்டியது மேரியின் அலமாரிகளை.

பிறகு நகராட்சியின் வேலை மெல்ல மெல்லக் கம்பன் கலையரங்கம் பக்கம் நகர்ந்தது. ஊர் பெருத்துவிட்டது, இடம் போதவில்லை, பழைய கட்டடம் பயமாக இருக்கிறது: காரணங்கள் எல்லாமே உண்மையானவைதான். ஆனால் ஆள் புழங்காத சுண்ணாம்புக் கட்டடம் எப்படிச் சாகும் என்பதைப் பழைய கொத்தனார்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். உப்புக்காற்று அதற்கு ஒன்றும் புதிதில்லை. மாடியிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாயில் இலை அடைக்கிறது. யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. தேங்கிய நீர் தளத்துக்குள் ஊறி, உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் போய் நிற்கிறது. வெளியே பார்த்தால் மரம் மரமாகவே இருக்கும், உள்ளே நார் நாராகப் போயிருக்கும். கைப்பிடிச் சுவர் விரிசலில் காக்கை போட்ட விதையிலிருந்து அரசங்கன்று முளைக்கும். வேர் இறங்கிய பிறகு அதை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அவசரத்துக்கு யாரோ விரிசல் மேல் சிமென்ட் பூசிவிட்டுப் போவார்கள். சுண்ணாம்புச் சுவர் வாங்கிய ஈரத்தை வெளியே விட வேண்டும்; சிமென்ட் அதன் வாயைப் பொத்திவிடும். இதில் எதுவும் பெரிய செலவு பிடிக்கிற வியாதி இல்லை. உள்ளே தினமும் நூறு பேர் வந்து போனால், கூரை ஒழுகுகிறது என்று அதில் ஒருவராவது சத்தம் போட்டிருப்பார்.

பழுது பார்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு நடந்துகொண்டே இருந்தது. 2014 நவம்பர் 29, சனிக்கிழமை. நல்ல மழை. மேரி இடிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் கடற்கரைக்குப் போனவர்கள் எல்லாரும் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று செங்கல் குவியலைப் பார்த்தார்கள். தங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்த கூடம் எந்தப் பக்கம் இருந்தது என்று வயதானவர்கள் பிள்ளைகளுக்குக் கை காட்டினார்கள். நானும் அங்கே நின்றேன். சொந்த வீடு விழுந்தால் வருகிற துக்கம் எனக்கு அன்று வந்தது. அதைச் சொல்ல இன்றும் கூச்சமில்லை.

உலக வங்கி உதவியோடு நடந்த கடலோரப் பேரிடர் தணிப்புத் திட்டத்தின் பணத்தில், சுமார் 15 கோடி ரூபாய் செலவில், அதே இடத்தில் அதே தோற்றத்தில் மேரியை மறுபடி எழுப்பினார்கள். 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் திறந்து வைத்தார். காலி மனையைப் பெரிய ஓட்டல் எதற்கும் கொடுக்காமல், மேரியாகவே கட்டிய முடிவுக்கு இந்த ஊர் நன்றி சொல்ல வேண்டும். வேறு முடிவுகளையும் நாங்கள் பார்த்திருக்கிறோமே. நேரு வீதியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிறைச்சாலை காலாப்பட்டுக்குப் போன பிறகு, பழைய ஜெயில் இடிபட்டு வண்டிகள் நிறுத்துகிற இடமாகிவிட்டது. ஜெயிலுக்காக யார் அழுவார்கள் என்று கேட்கலாம். ஊர் நடுவில் அத்தனை பெரிய பொது மனை இனி எங்கே கிடைக்கும் என்பதுதான் என் கவலை.

கலவைக் கல்லூரி வேறு மாதிரி. கலவை சுப்பராயச் செட்டியார் 1877இல் தொடங்கிய பள்ளி அது. கட்டடம் ஆபத்தாகிப் பல காலம் மூடிக் கிடந்தது. சீர் செய்த பிறகு அதை அருங்காட்சியகம் ஆக்காமல் பிள்ளைகளிடமே கொடுத்தார்கள். அந்த வழியாகப் போகும்போது மணி அடித்துப் பையன்கள் ஓடி வருவதைக் கேட்டால் மனசு நிறைகிறது. எங்கள் ஊரில் நடந்த சீரமைப்பு வேலைகளில் சரியானது எது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பெரிய மார்க்கெட் விஷயத்தில் இன்னும் எனக்குப் பதைப்பு உண்டு. ஆவணத்தில் அதற்குக் குபேர் அங்காடி என்று பெயர். மணிக்கூண்டு, பூக்கடை வரிசை, வழுக்குகிற தரையோடு மீன் பகுதி, நகராட்சிக்கு மாத வாடகை கொடுக்கும் கடைகள், அடிக்காசு கொடுத்துத் தரையில் உட்காரும் காய்கறிக்காரம்மாக்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துக் கட்டலாம் என்ற யோசனை வந்தபோது வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள். சாக்கடை சரியில்லை, மின்கம்பி தொங்குகிறது என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அவர்களுடைய பயம் வேறு. தற்காலிகம் என்று வெளியே போனவர்களில் எத்தனை பேருக்குத் திரும்ப இடம் கிடைக்கும்? கடைக்காரரிடம் ரசீது இருக்கிறது. அடிக்காசு கொடுக்கிறவரிடம் காட்டுவதற்கு அன்றைய துண்டுச் சீட்டைத் தவிர என்ன இருக்கிறது? யார் எங்கே உட்காருகிறார் என்று எழுதி வைக்காமல் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தக் கூடாது என்பது என் கட்சி.

மேரிக்கும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மேல் மாடியில் கண்காட்சி வைக்கட்டும், கூட்டம் நடத்தட்டும், வெளியூர்க்காரர் வந்து படம் எடுக்கட்டும். கீழ்த்தளத்தில் ஒரு அறையில் பிறப்பு, இறப்புச் சான்றுக்கான சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். கூடையோடு வருகிறவர் உட்கார ஒரு பெஞ்சும் வேண்டும். கணினியில் எல்லாம் வந்துவிட்ட காலத்தில் சன்னல் எதற்கு என்கிறார்கள். கணினி தெரியாதவர்களுக்கு எடுத்துக் கொடுக்க ஒரு எழுத்தர் போதும். கூடவே இன்னொரு ஆள். புரட்டாசி முடிவதற்குள் மாடியில் ஏறித் தண்ணீர்க் குழாயில் உள்ள சருகை அள்ளி, கைப்பிடிச் சுவரில் முளைத்ததை வேரோடு பிடுங்க வேண்டியவர். அவருடைய சம்பளம் எந்தத் துறையின் எந்தத் தலைப்பில் எழுதப்படும் என்பதை இந்த வருஷ பட்ஜெட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.