திருவையாற்றில் தொலைந்ததும் கிடைத்ததும்

தஞ்சையிலிருந்து வடக்கே புறப்பட்டால் ஆற்றுப் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என எண்ணிக்கொண்டே சென்று, ஐந்தாவதாகக் காவிரியைக் கடந்தால் திருவையாறு. பொங்கல் விடுமுறையை ஒட்டி ஆராதனை அமைந்த ஓர் ஆண்டில், நானும் என் மனைவியும் அங்குச் சென்றிருந்தோம்.

முதல் நாள் மாலை ஐயாறப்பரையும் அறம் வளர்த்த நாயகியையும் தரிசித்தோம். கயிலையைக் காணும் வேட்கையில் உடல் தேய்ந்த அப்பர் பெருமானுக்கு இறைவன் கயிலைக் காட்சி அருளிய தலம் இது. தெற்குப் பிராகாரத்தில் குறித்த இடத்தில் நின்று 'ஐயாறா' என்று அழைத்தோம். அழைத்த குரல் பன்முறை எதிரொலித்துத் திரும்பி வந்தது.

மறுநாள் புஷ்ய பகுள பஞ்சமி. 1847-ஆம் ஆண்டு இத்திதியில்தான் ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள் சித்தியடைந்தார். விடியற்காலையில் காவிரியில் நீராடி, பந்தலில் இடம் பிடித்தோம். என் மனைவி தன் துணிப்பையின்மேல் பழுப்பு அட்டையிட்ட ஒரு பழைய நோட்டை வைத்தாள். அவளுடைய தாயார் பஞ்சரத்தின கீர்த்தனைகளின் சாகித்தியத்தைத் தமிழெழுத்தில் தம் கையாலேயே எழுதித் தந்தது. நாற்பது ஆண்டுகளாக அதைப் பார்த்தே பாடிவந்தவள் அவள்.

சுவாமிகள் வாழ்ந்த இல்லத்திலிருந்து உஞ்சவிருத்தி பஜனை வருவதாகக் கேள்விப்பட்டு, எல்லாரும் எழுந்து வாயிலுக்கு விரைந்தோம். திரும்பி வந்து பார்த்தால் நோட்டைக் காணவில்லை! பையினுள் இருந்த பணப்பை அப்படியே இருந்தது. நோட்டு இருந்த இடத்தில் யாருடையதோ ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு இருந்தது.

நான் பதறி, ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லலாம் என்று எழுந்தேன். என் மனைவி சற்று நேரம் அந்தக் கூட்டையே பார்த்தாள். பிறகு, "நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். திருடுபவர் பணத்தை விட்டுவிட்டுப் பாட்டு நோட்டையா எடுப்பார்? கண்ணாடி அணியாத ஒருவர் தம்முடையது என்று நினைத்து எடுத்திருக்கிறார். கண்ணாடியைத் தேடி அவரே வருவார்" என்றாள். குரல் உறுதியாகத்தான் இருந்தது; கண்கள் கலங்கியிருந்தன.

அதற்குள் நாட்டை தொடங்கிவிட்டது. ஒருபுறம் சுவாமிகளுக்கு அபிஷேகம். மறுபுறம் நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலாகப் பாடினர். கௌளையும் ஆரபியும் தடையின்றிச் சென்றன. அவள் அஞ்சியது வராளிக்கு. வராளியைக் குரு நேரே சொல்லிக்கொடுக்கலாகாது என்பது மரபு. ஆகவே அவள் தாயாரும் அதைக் கற்பிக்கவில்லை. எழுதி மட்டும் வைத்தார். கேட்டும் நோட்டைப் பார்த்துமே அவள் பழகியது அது. வராளி தொடங்கியதும் கண்களை மூடிக்கொண்டாள். ஒரு சரணத்திலும் அவள் குரல் நிற்கவில்லை. ஸ்ரீராகம் நிறைவுற்றபோது அவள் கன்னங்கள் நனைந்திருந்தன.

கூட்டம் கலையும் வேளையில், பேத்தியின் கையைப் பற்றியபடி ஒரு மூதாட்டி வந்தார். அவர் கையில் பழுப்பு நோட்டு!

"மன்னிக்கணும் அம்மா. கால் வலிக்கு இங்கே சற்று உட்கார்ந்தேன். பேத்தி முன்னால் இடம் இருக்கிறதென்று கூப்பிட்டாள். அவசரத்தில் இதை எடுத்துக்கொண்டு கண்ணாடியை விட்டுவிட்டேன். பாடி முடித்த பிறகுதான் இது நம்முடையதல்ல என்று அவள் பார்த்துச் சொன்னாள். என் நோட்டு அவள் பையிலேயே இருக்கிறது" என்றார்.

"கண்ணாடியில்லாமல் எப்படிப் பாடினீர்கள்?" என்றாள் என் மனைவி.

"எழுத்து எங்கே தெரிந்தது? மடியில் வைத்துக்கொண்டு பாடினேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர்.

தொலைந்தவை மீள்வது இவ்வூருக்குப் புதிதன்று. தமையனார் காவிரியில் எறிந்துவிட்ட இராம விக்கிரகத்தைச் சுவாமிகள் ஆற்று மணலில் மீண்டும் கண்டெடுத்தார் என்பது வழிவழிச் செய்தி. அவருடைய சமாதியும் ஒரு காலத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1903-இல் சீடர் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதைச் செப்பனிட்டனர். பின்னர் மீண்டும் சிதைவுற்றதை அறிந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், தம் பொருளைச் செலவிட்டு நிலம் வாங்கிக் கோயில் எழுப்பினார். பெண்களுக்கு அச்சந்நிதியில் பாட இடமில்லாதிருந்த நாளில், 1927-இல் பெண்களைக் கொண்டே தனியாக ஆராதனை நடத்திக் காட்டியவரும் அவரே. 1952-இல் மறைந்த அவருடைய சமாதி, சுவாமிகளை நோக்கியவாறு அங்கேயே அமைந்துள்ளது.

என் மனைவியும் அந்த மூதாட்டியும் சேர்ந்து அங்குச் சென்று வணங்கினர். அன்று அவர்கள் வாய்விட்டுப் பாடியதற்கு வழி திறந்தவர் அந்த அம்மையார் அல்லவா!

ஊர் திரும்பும்போது அசோகா அல்வா வாங்கிக்கொண்டோம். நோட்டு இப்போது எங்கள் பூஜை அறையில், சுவாமிகளின் படத்தருகே இருக்கிறது. பாடும்போது என் மனைவி அதைத் திறப்பதில்லை. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தொடங்குகிறாள்.