உரப் பணமும் கடைசி ஓவரும்

2023 ஆம் ஆண்டு ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்து, விருந்துண்டபின், பாகூர் கொம்யூனிலுள்ள எங்கள் வீட்டில் யாவரும் தொலைக்காட்சியில் ஐ.பி.எல். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் மூத்த மகனின் மடியில் ஒரு கணக்கேடு இருந்தது.

அந்த ஏட்டைக் குறித்து எங்களுக்குச் சற்றுப் பெருமையே. பதினாறாம் ஓவர் முதல் இருபதாம் ஓவர் வரை யார் பந்து வீசினார், எத்தனை ஓட்டங்கள் கொடுத்தார் என அணி அணியாக எழுதி வைத்திருந்தான். பள்ளியில் கணக்குக்கு அஞ்சிய பிள்ளை, தசமப் புள்ளி வரை வகுத்திருந்தான்! அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்திலும் இறுதியில் வந்து பந்தெறிவோருக்கென்றே தனிக் கணக்கு உண்டு. அதை வைத்துப் பந்தயம் கட்டுவோரும் உண்டு. எங்கள் மகனும் அவ்வழியே சென்றுகொண்டிருந்தான் என்பதை நாங்கள் அறியவில்லை.

அன்று அகமதாபாத்தில் குஜராத் அணியை வெல்லக் கொல்கத்தாவுக்குக் கடைசி ஓவரில் 29 ஓட்டங்கள் தேவைப்பட்டன. முதற் பந்தில் ஒன்று. எஞ்சிய ஐந்தையும் ரிங்கு சிங் சிக்சராக அடித்தார். தெருவே ஆர்ப்பரித்தது. மகன் மட்டும் எழுந்து தோட்டத்துப் பக்கம் சென்றான்.

அடுத்த சனிக்கிழமை வில்லியனூர் லூர்து மாதா திருத்தலக் கொடியேற்றத்துக்குச் சென்றோம். குளத்துப் படியில் அமர்ந்து தாயிடம் சொல்லிவிட்டான். கரும்புக்கு உரம் வாங்க வைத்திருந்த 8,000 ரூபாயை எடுத்து, நண்பன் ஒருவன் மூலம் குஜராத்தின் மேல் கட்டியிருந்தான். வென்றிருந்தால் கிடைத்திருக்கக் கூடியது 400 ரூபாய். "நிச்சயம்னு நெனச்சேம்மா" என்றான்.

அன்றிரவு ஏட்டை முழுதும் பார்த்தோம். கூட்டலில் பிழையில்லை. ஆனால் ஓர் அணிக்கு லீக் ஆட்டங்கள் 14. ஆட்டத்துக்கு இரண்டு கடைசி ஓவர்கள் வீசினாலும் ஒருவருக்குப் பருவம் முழுவதும் 28 ஓவர்தான். நான்கு வார மழையைப் பார்த்து ஏரி நிரம்பும் என்று நாற்று விடுவோமா? மேலும், அவன் அறிந்த கணக்கைப் பந்தயம் பிடிப்பவரும் அறிவார். அறிந்துதான் விலை வைக்கிறார். சரிபாதி வாய்ப்புள்ள பந்தயத்தில் 100 ரூபாய்க்கு 90 தருவதாகக் கொண்டால், நூறில் 53 முறை வென்றால்தான் கைமுதல் தேறும். இக்கணக்கு அந்த ஏட்டில் இல்லை.

கடிந்துகொள்ள எங்களுக்கு வாய் எழவில்லை. 2003 இல் தமிழகத்தில் லாட்டரி தடை செய்யப்படும் வரை, கடலூருக்குப் போகும்போதெல்லாம் கூட்டெண் பார்த்துச் சீட்டு வாங்கியவர்கள் நாங்கள்.

பந்தயம் தன்னிலேயே அநீதியன்று, ஒருவருக்கும் பிறருக்கும் வாழத் தேவையானதைப் பறிக்கும்போது அது ஏற்கத்தகாததாகிறது என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி, 2413 ஆம் எண்ணில். அந்த ஆண்டு எங்கள் கரும்பு மஞ்சளித்து நின்றபோதுதான் அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடுத்தது, நல்லதே. எனினும் நண்பன் மூலம் கட்டும் பந்தயத்துக்கு இணையமே வேண்டியதில்லை.

ஏட்டை எரிக்கும்படி நாங்கள் சொல்லவில்லை. அதன் கடைசிப் பக்கத்தில் 8,000 என்று அவனே எழுதினான். அறுவடைக் கூலியில் கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்து வந்தான். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின நாள், கடைசி 500 ரூபாயைத் தாயின் கையில் கொடுத்துவிட்டுக் கோடு போட்டான்.