மடிந்து கிடந்த கடிதம்

சில ஆண்டுகளுக்கு முன், மாணவர் பேச்சுப் போட்டி பற்றிய கடிதம் ஒன்று என் மேசைக்கு வந்தது. நான்காக மடித்து வரவுப் பதிவேட்டினுள் வைத்தேன், மறந்தேன். விரித்தபோது நாள் கடந்திருந்தது. போட்டிக்காகக் காத்திருந்த ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "கடிதமே வரவில்லையா, ஐயா?" என்று கேட்டாள். எனக்கு நா எழவில்லை.

அண்மையில் உயிரணுவைப் பற்றிப் படிக்கையில் அக்கேள்வி மீண்டும் என் செவியில் ஒலித்தது. டி.என்.ஏ.யில் உள்ள கட்டளையைப் படியெடுத்துச் செல்வது தூது ஆர்.என்.ஏ. ரைபோசோம் அதனைப் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் ஆக்குகிறது. ஆயினும் அத்தூது நேரான நாடா அன்று. அதன் எழுத்துகள் தம்முள் இணைவதால் கொண்டை ஊசிபோல் மடங்கும். தொடக்கத்தில் மடிப்பு மிக இறுகியிருப்பின் புரத ஆக்கம் தடைப்படும் என்பதை மெரிலின் கோசாக் 1986இல் காட்டினார். கட்டளை உண்டு, பயன் இல்லை!

மடிப்பெல்லாம் குற்றமன்று. இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் புரதத்தின் தூதிலும் ஒரு மடிப்பு உண்டு. இரும்பு குறைந்தால் வேறொரு புரதம் அம்மடிப்பைப் பற்றிக்கொண்டு ஆக்கத்தைத் தடுக்கும். இரும்பு மிகுந்தால் விட்டு விலகும். தாழ்ப்பாள் வீட்டிற்குக் காவலன்றோ? வேண்டும்போது திறவாமையே தீங்கு.

முதுமையில் இவ்வொழுங்கு தளர்கிறது. வளர்ப்புக் கலத்தில் மனித உயிரணுக்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் பிரிதலை நிறுத்துவதை ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் 1961இல் வெளியிட்டனர். நின்ற உயிரணு உடனே மடிவதில்லை. தூதுகளை எழுதிக்கொண்டே இருக்கும். ஆனால் முதிர்ந்த உயிரணுக்களில் தூதின் அளவும் புரதத்தின் அளவும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. முதிய ஈஸ்ட்டிலும் புழுவிலும் ரைபோசோம்கள் தூதின் இடையே தயங்கி நிற்பது மிகுதல் 2022இல் வெளியாயிற்று. மடிப்பை அவிழ்க்கும் நொதிகளுக்கும் ஆற்றல் தேவை. ஆற்றல் ஆக்கும் திறனோ வயதோடு குறைகிறது.

ஆசிரிய நண்பர்களே! வாய் திறவா மாணவனைக் கண்டு, "இவனிடம் ஒன்றுமில்லை" என்று நாம் எத்தனை முறை கூறியிருப்போம்? இல்லாமை வேறு, விரியாமை வேறு.

அம்மாணவியிடம் மறுநாள் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இன்று எக்கடிதம் வந்தாலும் நின்றபடியே விரித்துப் படிக்கிறேன்.