வைத்த ஆடு

கட்டுமாவடியில் வாடைக்காற்று பலத்துப் படகுகள் கரையேறிக் கிடக்கும் நாட்களில், மீன் ஏலம் போடும் சிமெண்டுத் தரையில் கரிக்கோடு இழுத்து ஆடுபுலி ஆடுவோம். புள்ளிகள் 23. 3 புலிகளும் ஒரு பெரியவர் கையில்; 15 ஆடுகள் எங்கள் நால்வருக்கும் பொது. அத்தனையும் இறக்கும்வரை வைத்த ஆட்டை நகர்த்தமுடியாது. புலி மட்டும் உலவும். ஒன்றும் வெட்டுப்படாமல் எல்லாம் இறங்கிவிட்டால் மிஞ்சுவது 5 காலிப் புள்ளிகள். அந்த ஐந்தையும் அடைப்பதற்குள்தான் ஆட்டம்.

அன்று ஏழாவது ஆடு. ஓரத்தில் வைக்கலாமென்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே புலிக்கு நேர் எதிரில் வைத்தேன். பின்புள்ளி காலி. விரலை எடுக்குமுன் தெரிந்துவிட்டது. அந்த வழியாக அடுத்தடுத்து ஐந்து ஆடுகள் போயின.

காய்களைக் கூட்டியபடி பெரியவர் சொன்னார்: “வீரமெல்லாம் சரிதான் தம்பி. கூட இருக்கவுங்கள ஒரு வார்த்த கேக்கப்படாதா?”

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்தது. ஒரு வாரத்துக்குள் தோப்புக்கு விலைபேசி முன்பணம் வாங்கினேன். பயம்தான், அதைத் துணிச்சல் என்று எண்ணிக்கொண்டேன். தோப்பு அண்ணனுக்கும் பொது. அவனைக் கேட்கவில்லை.

அந்த நால்வரில் அவனும் ஒருவன். சிமெண்டுத் தரையிலிருந்து எழுந்துபோன மாதிரியே, ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.