எத்தனை உயிர் இருக்கிறது?

கிழக்கேகோட்டையில், பத்மதீர்த்தக் குளத்தை நோக்கியவாறு உயரத்தில் ஒரு பழங்கடிகாரம் இருக்கிறது. மேத்தன் மணி என்பது அதன் பெயர். அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டது. மணி அடிக்கும்போது தாடி வைத்த முகம் ஒன்று வாயைத் திறக்கும். இருபுறமும் உள்ள ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னங்களில் முட்டும். அதைக் காண நிற்பவர்கள் முன்பின் அறியாதவர்களாயினும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பர்; ஏதேனும் பேசுவர். ஓர் இயந்திரம் மனிதரைக் கூட்டிப் பேசவைக்கும் என்பதை நான் முதன்முதலில் அறிந்தது இங்கன்று. திருநெல்வேலி மாவட்டத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில்.

அது 1992ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. சென்னையில் பணிபுரிந்த மாமா, பாரிமுனை பர்மா பஜாரில் வாங்கிய வீடியோ கேம் பெட்டியுடன் வந்தார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பிழைப்புக்காகக் கடை வைத்த தெரு அது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட கருவியைப் பார்த்துச் செய்த மலிவான நகல்களுள் ஒன்று அப்பெட்டி. மூலக் கருவியின் பெயர் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’, அதாவது குடும்பக் கணினி. அந்நிறுவனம் 1889இல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கியது. ஆகவே, பலர் கூடி அமர்ந்து ஆடுவது அதற்குப் புதிதன்று.

அப்பா தொலைக்காட்சியின் ஆண்டெனா கம்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் கம்பியைப் பொருத்தினார். சேனல் குமிழைத் திருகத் திருக, புள்ளிகளாய் இரைந்த திரையில் படம் தெளிந்தது. தெளியாவிட்டால் கேசட்டின் அடியில் வாயால் ஊதி மீண்டும் செருகுவோம். எங்களுடையது கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. ஆதலால் மாரியோவின் சிவப்புத் தொப்பியைச் சாம்பல் நிறத்திலேயே அறிந்தோம்.

மாரியோ ஓடுவான், குழியைத் தாண்டுவான், ஆமையை மிதிப்பான், காளானை எடுத்து வளர்வான். தொடக்கத்தில் அவனுக்கு மூன்று வாய்ப்புகள். அவற்றை நாங்கள் ‘லைஃப்’ என்றோம். எழுதப் படிக்க அறியாத ஆச்சி, வெற்றிலை மடித்தவாறே திரையைப் பார்த்து, “எத்தன உயிரு இருக்கு?” என்று கேட்டார். அன்று முதல் எங்களுக்கும் அது உயிராயிற்று. கொடிக்கம்பத்தைப் பற்றி மாரியோ இறங்கியதும் ஆச்சி, “பழம்!” என்பார். தாயத்தில், கட்டங்களைச் சுற்றி நடுவை அடைந்த காய் பழமாகிவிடும். காய் கனிவதே வெற்றி என்னும் எண்ணம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தது.

பின்னர் ஜாய்ஸ்டிக் ஆச்சியின் கைக்கும் சென்றது. மாரியோ தாவும்போதெல்லாம் ஆச்சியும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்புவார். முதல் குழியைத் தாண்டுவதற்குள் மூன்று உயிரும் போயின. “இந்தக் குழிய மூடுறதுக்கு ஊர்ல ஆளே இல்லையாலே?” என்று அவர் கேட்டபோது அப்பாவே விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் ஆச்சி தரையில் சாக்பீஸால் கட்டம் வரைந்தார். புளியங்கொட்டைகளை ஒருபுறம் உரசி எடுத்து எங்களுக்குத் தாயம் கற்றுத்தந்தார். அவர் 2001இல் மறைந்தார். ஆட்டத்தின்போது அவர் வழங்கிய சொற்கள் பலவற்றை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை.

சாலைக் கடைத்தெருவையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த தமிழ்க் குடும்பத்து மாணவர் சிலர் என்னிடம் பயில்கின்றனர். அவர்களுள் ஒருத்தி ஒருநாள், “ஊரில் பாட்டியிடம் ஐந்து நிமிடத்திற்கு மேல் பேச எனக்குத் தமிழ் போதவில்லை, ஐயா” என்றாள். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், தெருவில் மலையாளம், கைப்பேசி விளையாட்டில் மீண்டும் ஆங்கிலம். அவளுக்குத் தமிழ் கேட்கும் நேரமே குறைவு.

“அடுத்த முறை கைப்பேசியைப் பாட்டியின் கையில் கொடு. திரையில் ஓடுவதையும் தாவுவதையும் விழுவதையும் அவர் எப்படிச் சொல்கிறார் என்று கேள். பிறகு அவர் ஆடிய ஆட்டத்தைக் கற்றுத்தரச் சொல்” என்றேன்.

ஓண விடுமுறை முடிந்து அவள் குறிப்பேட்டில் பதினொரு சொற்களை எழுதி வந்தாள். அவற்றுள் இரண்டு எனக்கும் புதியவை. அவற்றின் பொருளை அவளிடமே கேட்டறிந்தேன்.